பேர் எழுதின அட்டை

காலை கொஞ்சம் அங்கிட்டு நகட்டிக்கங்க தங்கச்சி. இந்தப் பையில மட்டும் கால் பட்டுரக் கூடாது. இல்ல இல்ல, மேல வைக்க முடியாது, மேல வச்சா குலுங்கும். இம்புட்டு நேரம் மடியிலதான் வச்சிருந்தேன். அப்புறம் இதை எதுக்கு மடியில வைக்கணும்னு பயந்துக்கிட்டுக் கீழ இறக்கிட்டேன். நீங்க எதுவரைக்கும் போறீங்க? கடைசி ஸ்டாப்பிங்கா? அப்ப நல்லதாப் போச்சு. நான் சாலக்கரை விலக்குல எறங்கணும். வந்துச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. எட்டு நாளா ராத்திரி கண்ணு மூடல, எங்கயாச்சும் அசந்துட்டேன்னா காரியம் கெட்டுரும்.

பையில என்னன்னா கேக்கறீங்க? சொல்லிர்றேன். சொல்லாட்டி எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

செய்வினை தங்கச்சி. எம்மகளுக்கு வச்சது.

நகராதீங்க, நகராதீங்க, உங்களை ஒண்ணும் பண்ணாது. மஞ்சத்துணியில மூணு முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன்.

எம்பேரு சௌந்தரம். வீட்டுக்காரரு மில்லுல வேலை. எங்களுக்கு ஒரே மக, இந்துமதி. ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்கு. போன வருசம் நாலாம் மாசத்துல ஒண்ணு தங்காமப் போயிருச்சு. அன்னிக்கு அவ கத்துன கத்து இன்னும் எங்காதுக்குள்ளதான் இருக்கு. இப்ப மறுபடி உண்டாயிருக்கா. வளைகாப்பு போட்டு நம்ம வீட்டுக்குக் கூட்டியாந்தாச்சு, இப்ப ஒம்பதாம் மாசம் நடக்குது. இந்தப் புள்ள நல்லபடியா வெளிய வந்து ஒரு தடவை அழுதுட்டாப் போதும், வேற எதுவும் எனக்கு வேணாம். அதுக்குத்தான் இந்த அலைச்சல்.

வச்சது யாருன்னா, பக்கத்து வீட்டுக்காரி. மங்கையர்க்கரசின்னு பேரு. தபாலாபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவ. கல்யாணமே பண்ணிக்கிடல, தனிக்கட்டை. ஐப்பசியில குடி வந்தா. வந்த அன்னிக்கே சிரிச்சா. நாம யாரு எவருன்னு தெரியாம ஒருத்தி ஏன் சிரிக்கணும்? நான் அன்னிக்கே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு காதுல வாங்கல.

எங்க கொல்லையையும் அவ கொல்லையையும் பிரிக்கிறது இடுப்பளவு சுவருதான். எங்க கொல்லை எப்படி இருக்கும் தெரியுமா? சோத்தைப் போட்டுத் திங்கலாம். விடிஞ்சதும் மொத வேலை கொல்லையைக் கூட்டறதுதான். மண்ணுல சீமாறு கோடு வரிசையாத் தெரியணும். அப்பத்தான் எனக்குக் காப்பி எறங்கும். ஒரு எலை கெடக்காது. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை சருகைக் குமிச்சு தீ வச்சிருவேன். வெண்டை, கத்தரி, தக்காளி, கீரைப் பாத்தி, சுவரோரமா துளசி மாடம். செடிக்குச் செடி வெறும் மண்ணு பளிச்சுன்னு தெரியும். இந்தக் கத்திரி வெயில்ல பாளம் பாளமா வெடிச்சிருக்கு, அது வேற விசயம். வெடிச்சாலும் சுத்தமா வெடிச்சிருக்கு.

அவ கொல்லையில மண்ணே கண்ணுக்குத் தெரியாது. பூராம் குப்பை. தெருவுல போறவங்க தூக்கிப் போடறதை இவ தூக்கியாந்து செடிக்கு அடியில போடுவா. மொதல்ல பைத்தியம்னுதான் நெனைச்சேன். அப்படி நெனைச்சதுதான் நான் பண்ணின தப்பு. பாவம்னு விட்டுட்டேன்.

தை மாசம் ஒருநாள் ஆட்டோவுல வந்து எறங்குறா, கையில சாக்கு. சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கிட்டு நின்னேன். சாக்கை அவுத்துக் கொட்டினா. முடி! சலூன்ல இருந்து அள்ளியாந்த தலைமுடி! ஊர் ஆம்பளைங்க முடி பூராம் கருகருன்னு. அதை எடுத்துச் செடிக்குச் செடி வளையமா வைக்கிறா. எனக்கு கையில இருந்த பாவாடை கீழ விழுந்துருச்சு. "என்னங்க இது?"ன்னேன். "எலி வராது சௌந்தரம். மண்ணுக்கும் சத்து"ங்கறா, சிரிச்சுக்கிட்டே. நீங்களே சொல்லுங்க, நல்ல பொம்பளை யாராச்சும் அடுத்தவன் முடியத் தொடுவாளா?

அதுக்கப்புறம் நான் அவளைக் கவனிக்க ஆரம்பிச்சேன். வேற வேலையே ஓடல. ஜூஸ் கடையில இருந்து கரும்புச் சக்கை வரும். பிழிஞ்ச எலுமிச்சந்தோலு வரும், கூடை கூடையா. எலுமிச்சம்பழத்தை எதுக்குப் பயன்படுத்துவாங்கன்னு உங்களுக்குச் சொல்லணுமா? கோயில்ல கழிச்சுப் போட்ட மாலை வரும். முட்டை ஓடு வரும். எல்லாத்தையும் போட்டு மேல சருகைக் கொட்டி மூடிருவா. எதையும் வெளிய தெரிய விடமாட்டா. மூடறது, மூடறது, எந்நேரமும் மூடறதுதான் வேலை. நல்ல காரியம் பண்றவ ஏன் தங்கச்சி மூடணும்?

ஒரு வெள்ளிக்கெழமை நான் சருகைக் குமிச்சுத் தீப்பெட்டியைக் கிழிக்கப் போறேன், சுவருக்கு மேல தலை தெரியுது. "எரிச்சிராதீங்க சௌந்தரம், அதை எனக்குக் குடுங்களேன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. ஒருத்தர் வீட்டுக் காலடி மண்ணு, ஒருத்தர் வீட்டுக் குப்பை, இதையெல்லாம் கேட்டு வாங்குறதுன்னா என்ன அர்த்தம்? தர மாட்டேன்னுட்டு எரிச்சேன். அவ அந்தப் புகையவே பாத்துக்கிட்டு நின்னா. "வெயில் நமக்கு மட்டுமா சுடுது? மண்ணை இப்படி வெறும் உடம்போட நிக்க விடலாமா?"ன்னா. மண்ணுக்கு எதுக்குச் சேலைன்னு நான் மனசுக்குள்ள கேட்டுக்கிட்டேன். வாயத் திறந்து கேக்கல, பயம்.

இப்பச் சொல்றதைக் கேளுங்க, இதுதான் முக்கியம். எங்க ஏரியாவுல அஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில தண்ணி. நான் தினமும் காலையில மூணு வாளி, சாயங்காலம் மூணு வாளி செடிக்கு ஊத்துறேன். ஊத்தி முடிச்சு வாளியக் கழுவி வைக்கறதுக்குள்ள மண்ணு காஞ்சிரும். செடி எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும். அவ? நாலு நாளைக்கு ஒருக்கா ரெண்டு குடம் ஊத்துறா. எண்ணிப் பாத்துட்டேன். ரெண்டே குடம். அவ கத்தரி பளபளன்னு நிக்குது! தக்காளி கொத்துக் கொத்தாத் தொங்குது! கத்திரி வெயில்ல தண்ணியில்லாம செடி எப்படிம்மா பச்சையா நிக்கும்? வேற யார் உயிரையோ உறிஞ்சாமலா நிக்கும்?

இன்னொண்ணு. எங்க பாத்தியில கோரை, அருகு, மூக்கிரட்டைன்னு களை பிடுங்கி மாளல. அவ கொல்லையில ஒரு புல்லு கிடையாது. ஒண்ணே ஒண்ணு கூட. எங்க நாத்தனா ராசாத்தி இந்த மாதிரி விசயத்துல கெட்டிக்காரி. அவ சொன்னா, "மதினி, செய்வினை புதைச்ச எடத்துல புல்லு மொளைக்காது." அன்னிக்கு ராத்திரி எனக்குக் காய்ச்சல் வந்துருச்சு.

பங்குனியில எம்மக வந்தா. வந்து பத்து நாள்ல அவ வீட்டுக்காரரு ஓசூர்ல இருந்து டேபிள் ஃபேன் வாங்கி லாரி சர்வீஸ்ல போட்டு விட்டாரு. பெரிய அட்டைப்பெட்டி. மேல ஸ்கெட்ச் பேனாவுல கொட்டைக் கொட்டையா எழுதியிருந்துச்சு, இந்துமதின்னு. ஃபேனை எடுத்துக்கிட்டு பெட்டியைத் தெருவோரம் வச்சேன். மறுநா பாத்தா காணோம். குப்பை வண்டிக்காரன் எடுத்திருப்பான்னு இருந்துட்டேன்.

ரெண்டு நா கழிச்சு சுவரோரம் நின்னு எட்டிப் பாக்கறேன். அந்தப் பொம்பளை எம்மக பெட்டியைப் பிரிச்சுத் தரையில விரிச்சு வச்சிருக்கா. தண்ணி தெளிச்சு நனைக்கிறா. பேரு மேல் பக்கமாத் தெரியுது. அந்தப் பேருக்கு மேல சருகை அள்ளி அள்ளிப் போட்டு மூடுறா.

எம்மக பேரை மண்ணுல வச்சு மூடிட்டா தங்கச்சி. உசுரோட இருக்கற புள்ளைத்தாச்சி பேரை.

அடுப்படியில போய் உக்காந்துட்டேன். அதே வாரம் மாடத்துல துளசி கருகிருச்சு. அம்புட்டுத் தண்ணி ஊத்தியும் எலை உதிர்ந்து வெறும் குச்சியும் காஞ்ச பூக்கதிருமா நிக்குது. துளசி பட்டுப் போனா வீட்டுக்கு என்னன்னு உங்களுக்கே தெரியும். அதே வாரம் ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்தாங்க. எட்டுதான் இருக்காம். "ரத்தம் பத்தலம்மா, கீரை குடுங்க, முருங்கைக்கீரை தினமும் குடுங்க"ன்னுட்டாங்க டாக்டரம்மா. ரத்தம் எங்க போச்சுன்னு அவங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். சுவத்துக்கு அந்தப் பக்கம் பளபளன்னு நிக்குதே கத்தரிக்கா, அங்க போச்சு.

எங்க கீரைப் பாத்தி அந்நேரம் காஞ்சு போயிருச்சு. அவ பாத்தாளா, ஒடனே ஒரு கட்டு சிறுகீரையும் முருங்கைக்கீரையும் பறிச்சுச் சுவத்து மேல வச்சுட்டுப் போறா, "இந்துவுக்குக் குடுங்க"ன்னு. தினமும் வைக்கிறா. தினமும் நானும் அதைக் குச்சியால தள்ளி எடுத்துச் சாக்கடையில போடறேன். கையால தொட்டதில்ல.

எம்மக என்ன பண்ணினா தெரியுமா? நான் மத்தியானம் கண்ணசந்த நேரத்துல அவ வீட்டுக்குப் போக ஆரம்பிச்சிருக்கா. ஒருநாள் முழிச்சுப் பாக்கறேன், ஆளைக் காணோம். கொல்லைப் பக்கம் சிரிப்புச் சத்தம். அவ முருங்கை மரத்தடியில, அந்தச் சருகு மேல, வெறுங்காலோட, வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குறா எம்மக. "அம்மா, இங்க வந்து நின்னு பாரேன், காலுக்கு எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு"ங்கறா. கையப் பிடிச்சு இழுத்தாந்து மூணு தடவை சுத்திப் போட்டேன். மொளகா நெடியே வரல! பாருங்க, எப்பேர்ப்பட்ட கண்ணு! மொளகா கொஞ்சம் நமுத்திருந்துச்சுங்கறது வேற.

போன மாசம் மறுபடி ரத்தம் பாத்தாங்க. பத்துக்கு மேல ஏறிருக்குன்னாங்க. டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டாங்க. அது நான் தினமும் காலையில குடுத்த பேரீச்சம்பழம். நாலு நாலு பழமா கையில குடுத்துட்டுத்தான் மறுவேலை. அப்புறம் கட்டிலுக்கு அடியில கூட்டும்போது ஒரு பை நெறைய பேரீச்சம்பழம் எறும்பு மொச்சுக் கெடந்துச்சு. அது எப்படி அங்க வந்துச்சுன்னு எனக்குப் புரியல. அதுவும் அவ வேலையாத்தான் இருக்கும்.

தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுட்டேன். நாலு குடும்பம் தப்பிக்கட்டுமேன்னுதான். இப்ப அவகிட்ட ஒருத்தரும் பேசுறதில்ல. பால்காரன் கூட பாக்கெட்டை கேட்டுல மாட்டிட்டு ஓடிர்றான். அவ கேட்டைப் பிடிச்சுக்கிட்டுத் தெருவையே பாத்துக்கிட்டு நிப்பா. எம்மக ஒருத்திதான் பேசுறா. "நீ பாவம் பண்றம்மா"ன்னு என்னையவே சொல்றா. பாத்தீங்களா, பெத்தவளையே எதுத்துப் பேச வச்சிருச்சு அந்தச் செய்வினை.

அப்புறம்தான் ராசாத்தி இந்தச் சாலக்கரை கோடாங்கிகிட்டக் குறி கேக்கக் கூட்டிட்டுப் போனா. நான் வாயே தொறக்கல தங்கச்சி. போய் உக்காந்ததும் உடுக்கையை அடிச்சாரு பாருங்க, "பேரு எழுதிப் புதைச்சிருக்கு, பக்கத்துச் சுவரு, பொம்பளை"ன்னு புட்டுப் புட்டு வைக்கிறாரு! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ராசாத்தி மட்டும் முன்னாடியே உள்ள போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்தா, அது வேற, பூசைச் சாமான் விசயமா.

அவரு சொன்னது இதுதான். பேரு புதைஞ்ச எடத்துல இருந்து ஒரு கை மண்ணும் குப்பையும், பேரு எழுதின அந்த அட்டையும் எடுக்கணும். கருகின துளசியை வேரோட பிடுங்கி அது கூட வைக்கணும். மஞ்சத்துணியில முடிஞ்சு, தினமும் மஞ்சத்தண்ணி தெளிச்சு, வெளிச்சம் படாம எட்டு நாள் வைக்கணும். நடுவுல அவுக்கக் கூடாது. எட்டாம் நாள் கொண்டு போனா அவரே தீயில போட்டு எரிச்சிருவாரு. எரிச்சுட்டு ஒரு கட்டி கர்ப்பூரம் மந்திரிச்சுத் தருவாரு. வீட்டுக்குப் போனதும் அதை ஏத்தி, சுவத்துக்கு மேல இருந்து அவ சருகு மேல போட்டுறணும். மூணு எடத்துல. அதுவும் மத்தியான வெயில்லயே போட்டுறணும். அம்புட்டும் எரிஞ்சு சாம்பலானாத்தான் எம்மக பேரு விடுபடுமாம்.

எடுக்கப் போன கதையக் கேளுங்க. அவ வெளிய கெளம்பின நேரம் பாத்து சுவரேறிக் குதிச்சேன். இந்த வயசுல! முருங்கைக்கு அந்தாண்ட, சுவரோரம். சருகுக்குள்ள கைய விட்டேன். தங்கச்சி, வெளிய காத்து நெருப்பா அடிக்குது, உள்ள ஜில்லுன்னு இருக்கு. பொணத்தைத் தொட்ட மாதிரி. மண்ணு அப்படியே பொலபொலன்னு கையில வருது, கருப்பா. எங்க மண்ணைக் கடப்பாரை போட்டுத்தான் கிளறணும். இன்னும் உள்ள விட்டா என்னமோ நெளியுது. மண்புழு. ஒண்ணு ரெண்டு இல்ல, கொத்தா. அதுக்கும் கீழ வெள்ளை வெள்ளையா நூலு! சிலந்திக்கூடு மாதிரி நூலு பின்னிக் கட்டி வச்சிருக்கா, குச்சிக்குக் குச்சி, எலைக்கு எலை. எந்தக் கையால கட்டுனாளோ, அம்புட்டு மெல்லிசு.

அட்டை சிக்குச்சு. ஊறிப் போய் தோசை மாதிரி கிழியுது. பேரைத் தேடினேன். "இந்து" போயிருச்சு. புழு தின்னுருச்சு. "மதி" மட்டும் இருக்கு, அதுவும் மங்கலா. அப்பத்தான் எனக்குச் சூட்சுமம் புரிஞ்சது. பேரு கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். பேரு முழுசாக் கரையுற அன்னிக்கு எம்மக... சொல்ல மாட்டேன். என் வாயால சொல்ல மாட்டேன்.

அந்த நேரம் பின்னால கேட்டு தொறக்கற சத்தம். அவ! குடையை மறந்துட்டுப் போயிருக்கா, எடுக்க வந்துட்டா. நான் மண்ணுல மண்டி போட்டு முழங்கை வரைக்கும் உள்ள விட்டுக்கிட்டு இருக்கேன். செத்தேன்னு நெனைச்சேன். அவ வந்து பக்கத்துல குத்த வச்சா. மொகம் பூராம் சிரிப்பு. அம்புட்டு நாள் ஒருத்தரும் வாசப்படி மிதிக்காத வீட்டுக்கு நான் வந்துட்டேன்ல, அந்தச் சந்தோசம் மாதிரி நடிக்கிறா. "மண்ணு எப்படி ஆயிருச்சு பாத்தீங்களா சௌந்தரம்? வந்தப்ப இதுவும் கல்லு மாதிரிதான் கெடந்துச்சு. ஒரு கை எடுத்துட்டுப் போய் உங்க துளசிக்குப் போட்டுப் பாருங்களேன், பொழைச்சுக்கும்"னா. துளசி பட்டுப் போனது இவளுக்கு எப்படித் தெரியும்? சுவத்துக்கு மேல பாத்தாத் தெரியும்தான். இருந்தாலும்! மடியில அள்ளிக்கிட்டு எந்திரிச்சு ஓடியாந்துட்டேன். "தண்ணி ஏதும் குடிச்சிட்டுப் போங்க"ன்னு பின்னால கூப்பிடுறா.

அதுதான் இது. எட்டு நாளா அரிசிப் பானைக்குப் பின்னால இருட்டுல வச்சிருந்தேன்.

என்ன கேட்டீங்க? பேரு இன்னும் இருக்கான்னா?

தெரியாதே தங்கச்சி. எட்டு நாளா நான் அவுக்கவே இல்லையே. அன்னிக்கு "மதி" இருந்துச்சு. தினமும் தண்ணி வேற தெளிச்சிருக்கேன். ஐயோ, நானே தண்ணி தெளிச்சு ஊற வச்சிருக்கேனே. இதை யோசிக்கவே இல்லையே நான். ஏன் கேட்டீங்க? இந்தப் பையப் பிடிங்க. இல்ல, பயப்படாதீங்க, பிடிங்க. நான் அவுத்துப் பாத்துர்றேன். கோடாங்கி அவுக்கக் கூடாதுன்னாரு, தெரியும். இருந்தாலும் பேரு இருக்கான்னு பாக்காம என்னால இனிமே உக்கார முடியாது. முடிச்சு வர மாட்டேங்குது, பல்லால இழுத்துப் பாக்கறேன்.

அட்டை எங்க? அட்டையக் காணோமே. தடவிப் பாக்கறேன், எல்லாம் மண்ணாப் போச்சு. "மதி"யும் இல்ல. ஒண்ணுமே இல்ல தங்கச்சி. பேரு போயிருச்சு! எம்மக பேரு போயிருச்சு! ஃபோனு, இடுப்புல இருக்கு, எடுங்க, ரெண்டாம் நம்பரை அமுக்குங்க, எங்கையெல்லாம் மண்ணு. அமுக்குங்கம்மா சீக்கிரம்! ... மணி போகுது. எடுக்க மாட்டேங்கறா. எடு சாமி, எடு தங்கம்...

இந்து! இந்து, நல்லாருக்கியா? என்ன ஆச்சு? என்னது? ... ஒண்ணும் ஆகலையா? வயிறு வலிக்குதா? ... கத்தல, நான் கத்தல. நீ என்ன பண்ற? ... சாப்பிடுறியா? என்ன சாப்பிடுற? ... முருங்கைக்கீரை அடையா? யாரு சுட்டுத் தந்தா? ... எங்க உக்காந்திருக்க? ... வீட்டுக்குள்ள இல்லையா? ... மரத்தடியிலயா. பாய் போட்டு. சருகு மேலயா. ... தினமும் மத்தியானம் அங்கதானா? நான் தூங்கறப்பயா? ... புள்ள எட்டி உதைக்குதா? ... சரி. சரி, வச்சுர்றேன். ... வர்றேன், வந்துர்றேன்.

தினமும் மத்தியானம் அங்கதான் இருக்காளாம். அந்தச் சருகு மேலதான் படுத்துக்கறாளாம். கோடாங்கி என்னையக் கர்ப்பூரத்தைப் போடச் சொன்ன அதே நேரம், அதே எடம்.

தண்ணி... வேணாம், இப்ப வேணாம்.

இது என்ன பாருங்க. இங்க, துணிக்குள்ள. அந்தக் கருகின துளசியைச் சுத்தி. சின்னச் சின்னதா, வெள்ளை வெளேர்னு காலு, மேல ரெண்டு ரெண்டு எலை. நூலா? நூலு இல்ல. மோந்து பாருங்க. துளசி வாசம். துளசி தங்கச்சி! காஞ்ச கதிருல இருந்து வெதை உதிர்ந்து மொளைச்சிருக்கு. அஞ்சு, ஆறு... ஏழு இருக்கு. அட்டை இருந்த எடத்துலதான் மொளைச்சிருக்கு. மாடத்துல தினமும் அம்புட்டுத் தண்ணி ஊத்தியும் பொழைக்காதது, அரிசிப் பானைக்குப் பின்னால, இருட்டுல, இந்தக் குப்பைக்குள்ள...

எனக்குப் பயமா இருக்கு. இது நல்லதா கெட்டதா தெரியலையே. நீங்க படிச்சவங்களாத் தெரியறீங்க, சொல்லுங்க. துளசியைக் கொண்டு போய்த் தீயில போடலாமா? உசுரோட இருக்கே. எலை விட்டிருக்கே. கோடாங்கி தீய மூட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு.

என்ன, சாலக்கரை விலக்கா? கண்டக்டரு என்னையவா கூப்பிடுறாரு?

எறங்கல. எறங்கலைங்க, நீங்க விசிலடிங்க. ஆமா, டிக்கெட்டு இங்கதான், தெரியும். எறங்கல.

ராசாத்திக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. வீட்டுக்குப் போய் அந்தச் சுவத்துப் பக்கம் எப்படித் தலையக் காட்டுறதுன்னும் தெரியல. பயம் இன்னும் விடல தங்கச்சி. அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கி எதுக்க வர்ற பஸ்ஸப் பிடிக்கணும். மத்தியானத்துக்குள்ள போயிரலாம்ல?

உங்க பாட்டில்ல தண்ணி இருக்கா? குடிக்க இல்ல. ஒரு மூடி போதும். மெல்ல, மெல்ல ஊத்துங்க, வேரு ஆடிரும். போதும்.

சன்னல்ல வெயிலு நேரா அடிக்குது பாருங்க, பச்சப் புள்ளைங்க, வாடிரும். இந்தச் சருகையே மேல கொஞ்சம் போட்டு மூடிக்கிறேன். அவ சொன்னதுக்காக இல்ல, வெயிலுக்குத்தான்.